புகைப்படக் கருவிகளும் பத்திரிகைத் தீர்ப்புகளும்

மீஞ்சூர், பொன்னேரி வழியாகப் பழவேற்காட்டுக்குச் செல்வார் பலர் கையில் இந்நாளில் புகைப்படக் கருவி காணப்படுகின்றது. ஏரிக்குப் பூநாரைகள் வருங்காலத்து இக்கூட்டம் பெருகும். கரையோர மீனவர் குடியிருப்புகளிலும், திருமணப் படமெடுத்துப் பிழைக்கலாமென்று எண்ணும் இளைஞர் உளர். அன்னார்க்கு முதற் கருவி வாங்குதல் பொழுதுபோக்கன்று. வீட்டின் பல மாத வருவாய் அதிற் செல்லும். எதனை வாங்குவதென அறிய அவர் நாடுவன, தொடக்கநிலை டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். கருவிகளை ஒப்பிட்டு நட்சத்திரமும் மதிப்பெண்ணும் வழங்கும் பத்திரிகைகளே. அவற்றில் வரும் அளவைகளைப் பெரும்பாலும் நம்பலாம், தீர்ப்பை அங்ஙனம் நம்புதற்கில்லை என்பது எமது கருத்து.

2018-இல் வெளிவந்த இரு கருவிகளைக் காண்போம். நிக்கான் டி3500 நொடிக்கு 5 படமும், கேனான் 1500டி 3 படமும் எடுக்கும். ஒருமுறை மின்னேற்றினால் முன்னது 1,550 படமும் பின்னது 500 படமும் எடுக்குமென்பது, ஜப்பானியக் கருவியாளர் சங்கத்தின் பொதுவிதிப்படி கண்ட கணக்கு. நாள் முழுதும் திருமண வீட்டில் நிற்பவனுக்கு இவ்வேறுபாடு பெரிது. ஆனால் 24.2, 24.1 மெகாபிக்சல் என்னும் வேறுபாட்டைக் கண் காணாது.

இனி ஏரிக்கு வருவோம். பூநாரை மனிதரை நெருங்கவிடாது. இருநூறு மீட்டர் தொலைவில் நிற்கும் பறவையைக் கருவியோடு வரும் 18-55 லென்ஸால் எடுத்தால், அது படத்தின் உயரத்தில் ஏறக்குறைய நாற்பதில் ஒரு பங்கே இருக்கும். 300 மி.மீ. லென்ஸாயின் எட்டில் ஒரு பங்காகும். ஆகவே பறவைப் படத்துக்கு வேண்டுவது லென்ஸ். எக்கருவி வென்றதென்பது அங்குப் பொருட்டன்று. பத்திரிகையோ, வேகம், நிறம், எடை, விலை யாவற்றையும் தான் வகுத்த விகிதத்திற் கூட்டி ஒரே எண்ணாக்கித் தருகின்றது. அவ்விகிதம் பழவேற்காட்டானுக்கு வகுத்ததன்று. எண்பத்திரண்டும் எண்பத்துமூன்றும் வேறெனக் கொள்வது வீண்.

விளம்பரம் பற்றிய ஐயமும் உண்டு. கருவி செய்வோரிடமே இரவல் பெற்றுச் சோதிப்பதும், அவர் தரும் விளம்பரத்தால் இதழ் நடப்பதும் வழக்கம். அமெரிக்காவில் 1936-இல் தோன்றிய கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ், சோதிக்கும் பொருளைத் தானே கடையில் விலைகொடுத்து வாங்கி, விளம்பரமும் பெறாது நடந்து வருகின்றது. மறுபுறம், கருவிச் சோதனைக்குப் பேர்பெற்ற டிபிரிவ்யூவை 2007-இல் வாங்கிய அமேசான் தானே கருவி விற்கும் வணிகன். 2023-இல் அதனை மூட அறிவித்தபின், அது வேறு கை மாறிப் பிழைத்தது. இதனால் அங்கு எழுதினோர் பொய்யுரைத்தார் என்று யாம் கூறோம். அவர்தம் சோதனைகள் பல நேர்த்தியானவையே. ஆயினும் சோதிப்போனுக்குப் படியளப்பவர் யார் என்று வாசகன் கேட்டல் தகும்.

இவற்றினும் பெரிதாக எமக்குத் தோன்றுவது பிறிதொன்று. டி3500 இன்று உற்பத்தியில் இல்லை; கருவியாளர் கவனம் ஆடியற்ற கருவிகள்பாற் சென்றுவிட்டது. எனவே எளியோர் வாங்குவன பெரும்பாலும் பிறர் பயன்படுத்திய கருவிகள். அவர் கையிலுள்ள ஒப்பீடோ புதுக்கருவியைச் சோதித்தது. கழிக்காற்றின் ஈரத்தில் வைத்த லென்ஸினுள் பூஞ்சை படர்ந்து நூல்போல் ஓடும். உப்பு, உலோகத் தொடுமுனைகளை அரிக்கும். நட்சத்திரம் ஐந்து பெற்ற கருவியாயினும் அதற்கு விலக்கில்லை. லென்ஸைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிவதை எப்பத்திரிகையும் சொல்லமாட்டாது.

நம் கல்லூரி நூல்நிலையத்தில் புகைப்பட இதழ்கள் வாங்குவதோடு, இரண்டொரு கருவியும் ஒரு நீண்ட லென்ஸும் வாங்கிவைத்து, மாணாக்கர்க்கு ஒருநாள் இரவலளிக்கலாம். வாங்கும் முன் ஒரு காலை ஏரிக்கரையில் அதனைப் பிடித்துப் பார்க்கும் வாய்ப்பு, அப்பக்கத்திலிருந்து வரும் பிள்ளைகட்கு முதலிற் கிடைத்தல் வேண்டும்.