கவசம் போட்ட தட்டான்

தமிழில் ‘தட்டான்’ என்றால் இரண்டு பொருள். ஒன்று, நகை செய்யும் பொற்கொல்லர். இன்னொன்று, மழைக்காலத்தில் தலைக்கு மேல் வட்டமிடும் பூச்சி. உலோகத்தில் முதன்முதலாகச் சிற்பம் செய்ய ஆசைப்படுபவருக்கு அந்த இரண்டாவது தட்டான்தான் நல்ல வாத்தியார்.

மனித முகத்தைத் தகட்டில் கொண்டுவருவது லேசுப்பட்ட வேலை அல்ல. கன்னம் கொஞ்சம் பிசகினாலும் பொம்மையாகிவிடும். பூச்சியில் அந்தத் தொல்லை குறைவு. அதற்கு எலும்புக்கூடே உடம்புக்கு வெளியில்தான். மூட்டு மூட்டாகப் பிரிந்த அந்த ஓடு கிட்டத்தட்ட ஒரு போர்க்கவசம்.

இதை ஜப்பானில் நன்றாகப் புரிந்துகொண்டவர்கள் கவசம் செய்த கொல்லர்களே. எடோ காலத்தில் போர்கள் ஓய்ந்து கவசத்துக்குத் தேவை குறைந்தது. மியோச்சின் மரபுக் கொல்லர்கள் அதே கைத்திறனில் இரும்பு வண்டு, வெட்டுக்கிளி, நண்டு என்று செய்யத் தொடங்கினார்கள். கால், மீசை, இறக்கை எல்லாம் அசையும்! மியோச்சின் முனேஅகி 1713-ல் செய்த இரும்பு டிராகன், டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

நம் பக்கத்திலும் உறவு உண்டு. சோழமண்டலக் கலைஞர் பி.வி.ஜானகிராம், கோயில் மூர்த்திகளுக்குச் சாத்தும் கவசத்தைப் போலத் தகட்டை அடித்தே சிற்பங்கள் செய்தவர்.

பட்டறை இல்லாதவர்களுக்குப் பிரெஞ்சுக் கலைஞர் எட்வார்ட் மார்டினே வழிகாட்டுகிறார். சைக்கிள், கார், சமையலறைச் சாமான்களின் உதிரிகளைப் பொருத்தியே பூச்சிகள் செய்கிறார். வெல்டிங்கே கிடையாது. ஒரு பாகத்துக்குச் சரியான உதிரி கிடைக்கும்வரை காத்திருப்பதுதான் வேலையில் பாதி.

அந்தக் காத்திருப்பு தருவைகுளம் போன்ற ஊரில் அவ்வளவு நீளாது. தூத்துக்குடிக்கு வடக்கே உள்ள இந்த மீனவர் ஊரில் படகுகளுக்கும் இன்ஜின்களுக்கும் பஞ்சமில்லை. எனவே கழித்துப்போட்ட நட்டு, போல்ட், பேரிங்குக்கும்தான். மிச்சத்துக்குக் காயலான் கடை. அந்தப் பெயரே இதே மாவட்டத்துக் காயல்பட்டினத்திலிருந்து வந்தது என்று சொல்வார்கள்.

மாதிரிக்கும் அலைய வேண்டாம். தென்னிந்தியாவிலிருந்து தட்டான்கள் கடல் தாண்டி மாலத்தீவுக்கும், அங்கிருந்து கிழக்கு ஆப்பிரிக்காவுக்கும் போகின்றன என்று கடல் உயிரியலாளர் சார்லஸ் ஆண்டர்சன் 2009-ல் எழுதினார். மாலத்தீவில் அவை கூட்டமாக இறங்கத் தொடங்குவது அக்டோபரில். நம் கரையில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் நேரம்.

தட்டானின் வயிற்றில் பத்துக் கண்டங்கள். ஒரு நீளமான மறைக்கம்பியில் பத்து நட்டுகளை இடையிடையே வாஷர் போட்டுக் கோத்தால் வயிறு தயார். கண்களுக்கு இரண்டு பேரிங் குண்டுகள். ஆறு காலும் நாலு இறக்கையும் மார்பிலிருந்துதான் கிளம்ப வேண்டும். புதிதாகச் செய்பவர்கள் காலை வயிற்றில் ஒட்டவைத்துவிடுவார்கள், பார்ப்பவருக்கு ஏதோ சரியில்லை என்று மட்டும் தோன்றும். பின்னிறக்கை அடியில் அகலம். எவர்சில்வர் வலையை வெட்டிக் கம்பி விளிம்பு கட்டினால் போதும். வெட்டும்போது கையுறையும் கண்ணாடியும் கட்டாயம்.

முதல் தட்டானுக்கு வெல்டிங் வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. படகுச் சாமான்களில் பல, துத்தநாகம் பூசிய ஜி.ஐ. இரும்பு. அதைச் சூடாக்கினால் வெள்ளைப் புகை வரும். காலையில் அதைச் சுவாசித்தவருக்குச் சாயங்காலம் குளிரும் காய்ச்சலும் வரலாம்.

கடைசியில் உப்புக்காற்று. எவர்சில்வரும் பித்தளையும் தாக்குப்பிடிக்கும். வெறும் இரும்பு தாங்காது. அழகுக்காக இரும்பு உடம்பில் பித்தளைக் கண் வைத்தால், ஈரம் பட்டதும் அந்த இடத்தில்தான் துரு வேகமாக அரிக்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு ரப்பர் வாஷர் போட்டு, மேலே நிறமில்லாத வார்னிஷ் இரண்டு கோட்டிங் அடித்துவிட வேண்டும். மழைக்கு முன்னால் செய்தால் நல்லது.