பார்வையற்றவருக்கு ஸ்மார்ட்வாட்ச்: கொடுக்கிற காசுக்குப் பயன் உண்டா?

‘என் தம்பிக்குப் பார்வை கிடையாது. இந்த வருஷம் காலேஜில் சேர்ந்திருக்கிறான். பரிசாக ஒரு ஸ்மார்ட்வாட்ச் வாங்கித் தரலாம் என்று நினைக்கிறேன். 2,000 ரூபாய் வாட்ச் போதுமா, விலை அதிகமானதுதான் வேண்டுமா? இல்லை, அவனுக்கு இது வீண் செலவா?’

இந்த வாரம் ஒரு வாசகி கேட்டிருக்கும் கேள்வி இது.

வீண் செலவு இல்லை. ஆனால், வாட்சைத் தப்பாகத் தேர்ந்தெடுத்தால் மொத்தப் பணமும் வீண்தான். எப்படி என்று பார்க்கலாம்.

பெட்டியில் இருப்பதை நம்பாதீர்கள்

குறைந்த விலை வாட்ச் பெட்டிகளில் ‘வாய்ஸ் அசிஸ்டென்ட்’, ‘ப்ளூடூத் காலிங்’ என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். பேசும் வாட்ச் போலிருக்கிறது என்று வாங்கிவிடுகிறோம். நாம் பேசுவதை போனுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வசதிதான் அது. மணி என்ன, யாரிடமிருந்து மெசேஜ், விரல் இப்போது எந்தப் பட்டன்மேல் இருக்கிறது என்பதையெல்லாம் வாசித்துச் சொல்லாது. பார்வையற்றவர் கையில் அது வெறும் கண்ணாடித் துண்டு.

அவருக்குத் தேவை ‘ஸ்கிரீன் ரீடர்’. திரையில் இருப்பதை ஒவ்வொன்றாக வாசித்துச் சொல்லும் மென்பொருள் இது. வலப்பக்கம் தள்ளினால் அடுத்ததைச் சொல்லும். இருமுறை தட்டினால் திறக்கும். ஆப்பிள் வாட்சில் இதன் பெயர் வாய்ஸ்ஓவர். கூகுளின் ‘வேர் ஓஎஸ்’ வாட்ச்களில் டாக்பேக். 2,000 ரூபாய் வாட்ச்களில் பெரும்பாலும் இரண்டுமே இருக்காது.

இன்னொரு விஷயம். ஆப்பிள் வாட்சுக்கு ஐபோன் வேண்டும். தம்பியிடம் இருப்பது ஆண்ட்ராய்டு போன் என்றால், ஆப்பிள் வாட்சைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். வேர் ஓஎஸ் வாட்ச்தான் வழி.

மணியைத் தொட்டே தெரிந்துகொள்ளலாம்

மணி சொல்ல பேசும் கடிகாரங்கள் சில நூறு ரூபாய்க்கே கிடைக்கின்றன. ஆனால், வகுப்பு நடக்கும்போது பட்டனை அழுத்தினால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

ஆப்பிள் வாட்சில் இதற்கு ‘டாப்டிக் டைம்’ என்று ஒரு வசதி உண்டு. மணியை அதிர்வாக மணிக்கட்டில் தட்டிச் சொல்லும். பத்து மணி நேரத்துக்கு ஒரு நீண்ட தட்டு, மீதி ஒவ்வொரு மணிக்கும் ஒரு குறுந்தட்டு. நிமிடத்துக்கும் இதே கணக்குதான். 3:42 என்றால் மூன்று குறுந்தட்டு, நான்கு நீண்ட தட்டு, இரண்டு குறுந்தட்டு. பக்கத்தில் இருப்பவருக்குக்கூடத் தெரியாது.

அதைவிட முக்கியமானது கை. பார்வையற்றவரின் ஒரு கையில் வெள்ளைக்கோல் இருக்கும். பஸ்ஸில் இன்னொரு கை கம்பியைப் பிடித்திருக்கும். அந்த நேரத்தில் போன் அடித்தால் எந்தக் கையால் எடுப்பது? கூட்டத்தில் போனை வெளியே எடுத்தால் பறிகொடுக்கும் பயம் வேறு. அழைப்பது யார் என்று வாட்சே சொல்லிவிட்டால், போன் பாட்டுக்கு பைக்குள்ளேயே இருக்கலாம்.

ஆனால், வாட்ச் ஒருநாளும் வெள்ளைக்கோலுக்கு மாற்று ஆகாது. எங்கே திரும்ப வேண்டும் என்று மேப் சொல்லும். வழியில் திறந்து கிடக்கும் சாக்கடையும், நடைபாதையில் நிறுத்திய பைக்கும் அதற்குத் தெரியாது.

மற்றவர்களுக்கு?

*காது கேளாதவர்களுக்கு:* இங்கே கதையே வேறு. மணிக்கட்டில் அதிரும் அலாரமும், அழைப்பு, மெசேஜ் வந்தால் அதிர்வதும் 2,000 ரூபாய் வாட்சிலேயே உண்டு. அதுவே பெரிய உதவி. குழந்தை அழுவது, கதவு தட்டுவது போன்ற சத்தங்களை ஆண்ட்ராய்டு போன் கண்டுபிடித்து அறிவிக்கும் வசதியை 2020-ல் கூகுள் கொண்டுவந்தது. வேர் ஓஎஸ் வாட்ச் இருந்தால் அந்த எச்சரிக்கை கைக்கே அதிர்வாக வரும்.

*சக்கர நாற்காலியில் இருப்பவர்களுக்கு:* நடக்காத ஒருவரிடம் ‘இன்று எத்தனை அடி நடந்தீர்கள்’ என்று கேட்கும் வாட்சால் என்ன லாபம்? ஆப்பிள் வாட்ச் 2016-ல் இதை மாற்றியது. சக்கரத்தைத் தள்ளும் கை அசைவைக் கணக்கிடுகிறது.

*ஒரு கை மட்டும் இயங்குபவர்களுக்கு:* வாட்ச் கட்டிய கையால் வாட்சைத் தொட முடியாது. 2021-ல் வந்த ‘அசிஸ்டிவ்டச்’ வசதியில், அந்தக் கையின் விரல்களைச் சேர்ப்பது, முஷ்டியை மடக்குவது போன்ற அசைவுகளாலேயே ஆப்பிள் வாட்சை இயக்கலாம். பழைய மாடல்களில் இது இல்லை.

கடையில் என்ன கேட்க வேண்டும்?

* தம்பியைக் கட்டாயம் கூட்டிச் செல்லுங்கள். ஸ்கிரீன் ரீடரை ஆன் செய்து அவர் கையில் கொடுக்கச் சொல்லுங்கள். ‘அது எங்கே இருக்குன்னு தெரியலை சார்’ என்று கடைக்காரர் சொன்னால், செட்டிங்ஸில் ‘அக்ஸசிபிலிட்டி’ பகுதியில் தேடச் சொல்லுங்கள்.
* யார் உதவியும் இல்லாமல் முதல் செட்டிங்கை அவரே செய்ய முடியுமா? ஆப்பிள் வாட்சில் பக்கவாட்டுத் திருகியை மூன்று முறை அழுத்தினால், பெட்டியிலிருந்து எடுத்ததுமே பேச ஆரம்பித்துவிடும்.
* தமிழில் வரும் மெசேஜை வாசிக்கிறதா? நீங்களே ஒன்று அனுப்பிப் பாருங்கள்.
* சார்ஜ் எவ்வளவு நேரம் நிற்கும்? ஆப்பிள் தன் வழக்கமான மாடல்களுக்கு 2024 வரை சொன்னது 18 மணி நேரம். தினமும் சார்ஜ் போட வேண்டியிருக்கும். காந்தம்போல் தானாக ஒட்டிக்கொள்ளும் சார்ஜர் என்றால், தடவிப் பார்த்தே மாட்டிவிடலாம்.

முடிவாக...

மணி மட்டும் தெரிந்தால் போதுமா? மூடியைத் திறந்து முட்களைத் தொட்டுப் பார்க்கும் பிரெய்ல் கடிகாரம் இன்றும் நல்ல தேர்வு. ஸ்மார்ட்வாட்சே வாங்கினாலும் அது கூடவே இருக்கட்டும். தேர்வு அறைக்குள் பொதுவாக ஸ்மார்ட்வாட்சை விடமாட்டார்கள்.

தம்பி தினமும் தனியாக பஸ் ஏறிக் கல்லூரிக்குப் போகிறவர், போனில் ஏற்கெனவே ஸ்கிரீன் ரீடரைப் பழகியவர் என்றால், ஸ்கிரீன் ரீடர் உள்ள வாட்சுக்குத் தாராளமாகச் செலவு செய்யலாம். பட்ஜெட் 2,000 ரூபாய்தான் என்றால், வாட்ச் வேண்டாம். அந்தப் பணத்துக்கு நல்ல ப்ளூடூத் இயர்போன் ஒன்று வாங்கிக் கொடுங்கள். போன் வாசிப்பது அவர் காதுக்கு மட்டும் கேட்கும்.

எதுவானாலும், சர்ப்ரைஸ் கிஃப்ட் மட்டும் வேண்டாமே. தினமும் கட்டப்போவது அவர். தேர்ந்தெடுப்பதும் அவராகவே இருக்கட்டும்!