உபதேசியார் காத்த விசுவாசம்

2025 அக்டோபர் 19, மறைபரப்பு ஞாயிறு. அன்று திருத்தந்தை பதினான்காம் லியோ புனிதர்களாக அறிவித்த எழுவருள் பீட்டர் தோ ரோத் ஒருவர். பாப்புவா நியூ கினி நாட்டின் முதல் புனிதர். குருவோ துறவியோ அல்லர். ரக்குனாய் கிராமத்து உபதேசியார், மனைவி மக்கள் உள்ளவர்.

1942-இல் ஜப்பானியப் படை நியூ பிரிட்டன் தீவைக் கைப்பற்றி, அயல்நாட்டுக் குருக்களைச் சிறைவைத்தது. மறைபரப்புப் பணி அத்தோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. முப்பது வயது உபதேசியார் மக்களைக் கூட்டிச் செபித்தார், குழந்தைகளுக்குத் திருமுழுக்கு கொடுத்தார், நோயாளிகளைச் சந்தித்தார். பலதார மணத்தை ஜப்பானியர் அனுமதித்தபோது துணிந்து எதிர்த்தார். 1945-இல் சிறையிலேயே விஷ ஊசி போட்டு அவரைக் கொன்றார்கள்.

அன்பார்ந்தவர்களே, வெளிநாட்டு மறைபரப்பு என்றதும் நாம் அனுப்பும் குருக்களையும் அந்த ஞாயிற்றுக் காணிக்கையையும்தான் கணக்கிடுகிறோம். குரு இல்லாத நாளில் அந்த ஊரில் செபம் சொல்ல யார் இருக்கிறார் என்பதல்லவா கேள்வி? 2021-இல் திருத்தந்தை பிரான்சிஸ் உபதேசியார் பணியைத் திருச்சபையின் திருப்பணிகளுள் ஒன்றாக ஏற்படுத்தினார். நம் பங்குகளிலோ உபதேசியார் என்றால் இன்னும் கோவில் சாவி வைத்திருப்பவர்தான். அவருக்கு நாம் தரும் மாதச் சம்பளத்தை இங்கே எழுத நமக்கே கூச்சமாக இருக்கிறது.