கேளா ஒலியும் முக அழகும்

கேளா ஒலி இன்று நம் நாட்டு மக்களுக்குப் புதியதன்று. கருவுற்ற தாய்க்கு மருத்துவமனையில் எடுக்கப்படும் ஸ்கேன் அதனால் ஆவதே. நகை வணிகர் பழைய சங்கிலியின் அழுக்கைப் போக்குவதும் அதனால்தான். அண்மை ஆண்டுகளில் அழகு நிலையங்களிலும் அது இடம் பெற்றுவிட்டது. மெல்லிய உலோக அலகுடைய ஒரு சிறு கருவியை ஈரமான முகத்தின்மீது மெதுவாகத் தள்ளிச் செல்கின்றனர். அலகின் நுனியில் நீர் புகைபோல் எழுகிறது. அழுக்கும் உடன் திரண்டு வருகிறது. காண்போர் வியப்படைதல் இயல்பே. இக்கருவி பயனற்றது என்பது நமது கருத்தன்று. அது செய்யும் வேலை சிறிது. அதன்மீது ஏற்றிக் கூறப்படும் பெருமையோ பெரிது. இவ்வேறுபாட்டை மக்களுக்கு விளக்கும் கடமை ஆசிரியர்களையும் களப்பணியாளர்களையும் சார்ந்தது என்பதே நாம் வற்புறுத்த விரும்புவது.

மனிதச் செவி வினாடிக்கு ஏறத்தாழ 20 முதல் 20,000 வரை அதிர்வுகள் கொண்ட ஒலியையே உணரவல்லது. அதற்கு மேற்பட்டது கேளா ஒலி. சில படிகங்களை அழுத்தினால் அவற்றில் மின்னேற்றம் தோன்றுவதை 1880-இல் பியேர் கியூரியும் அவருடைய தமையனார் ஜாக் கியூரியும் கண்டனர். இதற்கு மறுதலையாக, மாறி மாறி மின்னழுத்தம் கொடுத்தால் அத்தகைய பொருள் அதிரும். முகக் கருவியில் உள்ள இத்தகைய பொருள் அலகை வினாடிக்குச் சுமார் 25,000 முறை அதிரச் செய்கிறது. அவ்வதிர்வு நீர்ப்படலத்தை நுண்துளிகளாகச் சிதறடிக்கிறது. உதிரும் நிலையிலுள்ள செல்களும் எண்ணெய்ப் பசையும் நீரோடு பெயர்ந்து வருகின்றன. ஆகவே இது ஒருவகைக் கழுவுதலே, சிகிச்சையன்று.

தோலின் ஆழத்திலுள்ள நஞ்சை வெளியேற்றும், நிறத்தை மாற்றும் என்றெல்லாம் விளம்பரங்கள் கூறுகின்றன. உயர்நிலைப் பள்ளி மாணவனே இதைக் கணக்கிட்டுச் சோதிக்கலாம். உடலின் மென்திசுக்களில் ஒலி வினாடிக்குச் சுமார் 1,500 மீட்டர் செல்கிறது. இதனை 25,000-ஆல் வகுத்தால் அலைநீளம் 6 சென்டிமீட்டர் ஆகும். ஸ்கேன் கருவியில் வினாடிக்கு 50 லட்சம் அதிர்வுகள் எனக் கொண்டால், அலைநீளம் 0.3 மில்லிமீட்டரே. பின்னது உடலின் நுண்ணிய உறுப்புகளைப் பிரித்துக் காட்ட வல்லது. ஆறு சென்டிமீட்டர் அலை ஒரு மயிர்த்துளையைத் தேடிச் சென்று துப்புரவு செய்யும் என்பது பொருந்தாது. கேளா ஒலி என்ற பெயர் ஒன்றாயிருப்பதால் இரண்டின் ஆற்றலும் ஒன்றாகிவிடாது. நிறத்தைத் தரும் பொருளோ மேற்றோலின் அடியில் உண்டாவது. மேலே உதிரும் செல்களை அகற்றுவதால் அது மாறுவதில்லை.

இனி, எச்சரிக்கை வேண்டிய இடம் ஒன்று உண்டு. 1995-இல் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் சமீர் மித்ரகோத்ரி முதலிய ஆய்வாளர்கள், வினாடிக்கு 20,000 அதிர்வுள்ள ஒலியைக் கொண்டு இன்சுலின் போன்ற பெரிய மூலக்கூறுகளையும் தோலின் வழியே செலுத்தலாம் என்று காட்டினர். அவர்கள் கையாண்ட முறை வேறு. அழகு நிலையக் கருவியை அதற்கு நிகராகக் கருதலாகாது. எனினும், தேய்த்துத் தளர்ந்த தோல் தன் காவலில் ஒரு பகுதியை இழக்கிறது என்பது தெளிவு. அப்போது எதைப் பூசுகிறோம் என்பதே முக்கியம். ஸ்டீராய்டு கலந்த 14 வகைப் பூச்சுகளை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாதென மத்திய அரசு 2018-இல் விதித்தது. பெயரற்ற வெண்மைப் பூச்சுகள் சிலவற்றில் பாதரசமும் காணப்பட்டதுண்டு. இவற்றைத் தேய்த்த முகத்தில் தடவுதல் பெருந்தவறு.

மற்றொன்று தூய்மை. ஒருவர் முகத்தில் பட்ட அலகு கிருமி நீக்கப்படாமல் அடுத்தவர் முகத்தில் படுமாயின், பாலுண்ணி முதலியன பரவ வழி உண்டாகும். சீழ்கொண்ட பரு, புண், சொறி, கண்ணிமை ஆகிய இடங்களில் இக்கருவி படவே கூடாது.

எல்லாவற்றையும்விட நம் கவனத்திற்குரியவர்கள் பள்ளிப் பிள்ளைகள். பருவ வயதில் ஹார்மோன்களின் தூண்டுதலால் எண்ணெய்ச் சுரப்பிகள் மிகுதியாக வேலை செய்வதாலேயே முகப்பரு தோன்றுகிறது. முகம் கழுவாமையால் அன்று. அது அழுக்கின் அடையாளம் என்ற எண்ணம் பிள்ளைகளை நாணச் செய்கிறது; பெற்றோரின் அரிய பணத்தையும் வீணாக்குகிறது; மருத்துவரிடம் செல்லும் நாளையும் தள்ளிப் போடுகிறது. வன்மையாகத் தேய்த்தலோ பருவை வளர்க்கும்.

ஆகவே, ஆசிரியர் ஒலியைப் பற்றிய பாடம் நடத்தும்போது இக்கணக்கையும் கரும்பலகையில் எழுதிக் காட்டலாம். களப்பணியாளர் மூன்று கேள்விகளை மக்களுக்குக் கற்பிக்கலாம்: இக்கருவி எதைச் செய்வதாகக் கூறுகிறது? அலகு எவ்வாறு தூய்மை செய்யப்பட்டது? பின்னர்ப் பூசப்படுவது என்ன? இவற்றிற்கு விடை கிடையாத இடத்தில், மிதமான சோப்பும் தூய நீருமே நம்பத்தக்கவை. விஞ்ஞானத்தின் பெயரைக் கேட்டு மயங்காமல், அதன் முறையைக் கேட்டறியும் பழக்கமே நாம் வளர்க்க வேண்டியது.