மருந்துச் சீட்டில் விளையாட்டையும் எழுதச் சொல்லுங்கள்
மதுரை மாவட்ட ஆட்சியருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,



வளர்ச்சியில் பின்தங்கும் சிறு பிள்ளைகளோடும் அவர்களுடைய தாய்மார்களோடும் வேலை செய்யும் சிறப்பாசிரியர் என்ற முறையில் இந்த மடலை எழுதுகிறேன். புதுக் கட்டடமோ பெருந்தொகையோ கேட்டு எழுதவில்லை. பேச்சு வராத, நடை பிந்திய, யாரோடும் ஒட்டாத பிள்ளைக்கு விளையாட்டின் வழியாகத்தான் சிகிச்சை போய்ச் சேரும். இதை நம் மாவட்டத்தின் மருத்துவமனையும் அங்கன்வாடியும் பூங்காவும் ஒருசேர ஏற்று நடக்க வேண்டும். அதற்குத் தங்கள் ஆணை வேண்டும்.

குறையைக் கண்டுபிடிப்பதில் நாம் நெடுந்தூரம் வந்துவிட்டோம். 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்படி, பிறந்த குழந்தை முதல் 18 வயது வரை உள்ள பிள்ளைகளுக்குப் பிறவிக் குறைபாடு, நோய், சத்துக்குறைவு, வளர்ச்சித் தாமதம் ஆகிய நான்கையும் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் நேரில் சென்று பார்க்கின்றன. தேவைப்படும் பிள்ளைகளை மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையத்துக்கு அனுப்புகிறார்கள். மதுரையில் அது அரசு இராஜாஜி மருத்துவமனையை ஒட்டி இயங்குகிறது. குழந்தைநல மருத்துவர், இயன்முறை மருத்துவர், பேச்சுப் பயிற்சியாளர், உளவியலாளர், சிறப்பாசிரியர் என ஒரே கூரையின் கீழ் எல்லோரும் இருக்க வேண்டும் என்பது அந்த மையங்களின் அமைப்பு. ஏழைக் குடும்பங்களுக்கு இது பெரிய வரம். கண்டுபிடித்த பிறகு அந்தப் பிள்ளை வாரத்தின் மற்ற நாட்களில் எப்படி வளர்கிறது என்பதுதான் என் கவலை.

பயிற்சிக்குப் பிள்ளையை அழைத்துவரும் தாய்மார்களில் பலர் முதல் வாரத்திலேயே ஒரு கேள்வி கேட்பார்கள். “வெளாட்டுத்தான காட்டுறீக. பேச வைக்கிற டிரெய்னிங் எப்ப டீச்சர் குடுப்பீக?” நியாயமான கேள்வி. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு இரண்டு பஸ் மாறி வந்தவரின் கேள்வி. அதற்கு நான் வாயால் பதில் சொல்வதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கச் சொல்வேன்.

நான்கு வயதுப் பையன் ஒருவன். பேச்சு இல்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டான். தூக்குவாளியின் எவர்சில்வர் மூடியைத் தரையில் சுழலவிட்டு, அது ஆடி அடங்கும்வரை அதையே பார்த்துக்கொண்டிருப்பான். பிடுங்கினால் அழுகை. அதே போல இன்னொரு மூடியை எடுத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்து நானும் சுழற்றினேன். எதுவும் பேசவில்லை. முதலில் அவன் என்னைச் சட்டை செய்யவே இல்லை. பிறகு ஒரு நாள், என் மூடி விழுந்து அடங்கியதும் அவன் கை அதன்மேல் வந்தது. சுழற்றினேன். மறுபடியும் கை. மறுபடியும் சுழற்றினேன். அடுத்த முறை வேண்டுமென்றே கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தேன். மூடியைப் பார்த்தான். என் முகத்தைப் பார்த்தான். திரும்பவும் மூடியைப் பார்த்தான்.

பேச்சு தொடங்கும் இடம் அதுதான். ஒரு பொருளையும் ஒரு ஆளையும் சேர்த்துப் பார்ப்பது, இப்போது என் முறை, அடுத்து உன் முறை என்று காத்திருப்பது, வேண்டியதைப் பிறரிடம் கேட்பது ஆகிய மூன்றும் வராத பிள்ளைக்கு ‘அம்மா’, ‘தண்ணீர்’ என்று சொல்லிக் கொடுத்தால், கிளிப்பிள்ளை போலத் திருப்பிச் சொல்லலாம். தாகம் எடுத்தால் கேட்காது. அந்த மூன்றையும் மேசையில் உட்கார வைத்துக் கற்பிக்க முடியாது. பிள்ளை தானாக விரும்பி இறங்கும் விளையாட்டில்தான் அவை வருகின்றன.

நம் தெருவில் ஆடிய ஆட்டங்களையே எடுத்துக்கொள்வோம். சொட்டாங்கல்லில் மேலே எறிந்த கல் கீழே வருவதற்குள் தரையில் கிடப்பதை அள்ளிப் பிடிக்க வேண்டும். கண்ணும் கையும் இணைந்து வேலை செய்யப் பழகுவதற்கு இதைவிட நல்ல பயிற்சி எது? பாண்டியில் ஒற்றைக்காலில் கோடு மிதிக்காமல் தாவும்போது உடம்பு சமநிலையைப் படிக்கிறது. குலைகுலையா முந்திரிக்காவில் துணி யாருக்குப் பின்னால் விழும் என்று தெரியாமல் அடங்கி உட்கார்ந்திருக்கவும் வேண்டும், விழுந்ததும் பாய்ந்து ஓடவும் வேண்டும். தன்னைக் கட்டுப்படுத்தும் திறன் அங்கே வளர்கிறது. கிச்சுக்கிச்சுத் தாம்பாளத்தில் மணலைக் குவித்துக் குச்சியை ஒளித்து, இரண்டு கையையும் கோர்த்து மணல்மேல் பொத்த வேண்டும். மணல் பட்டாலே கையை உதறிக்கொண்டு அழும் பிள்ளைகள் சிலர் இருக்கிறார்கள். அவர்களுக்கு முதல் நாள் ஒரு விரல், பிறகு உள்ளங்கை, பிறகு இரண்டு கை என்று இந்த ஆட்டத்தை மெல்ல மெல்லப் பழக்கலாம். அமெரிக்கரான ஜீன் அயர்ஸ் 1970களில் வகுத்துக் கொடுத்த புலன் ஒருங்கிணைப்புச் சிகிச்சையும் ஊஞ்சல், மணல், ஏறுதல், குதித்தல் ஆகியவற்றை வைத்துத்தான் நடக்கிறது.

மனக் காயத்துக்கும் இதே வழிதான். பெரியவர்கள் துக்கத்தைச் சொல்லி அழுவார்கள். ஐந்து வயதுப் பிள்ளைக்குச் சொல்ல வார்த்தை கிடையாது. வார்டில் தினமும் ஊசி குத்திக்கொண்ட பிள்ளை, வீட்டுக்குப் போனதும் பொம்மையைப் படுக்க வைத்து அதற்கு ஊசி போடும். அதைப் பார்த்துத் தடுக்கும் பெற்றோர் உண்டு. தடுக்கக் கூடாது. தனக்கு நடந்ததைத் தன் கைக்குள் கொண்டுவரப் பிள்ளைக்குத் தெரிந்த வழி அது ஒன்றே. விர்ஜினியா ஆக்ஸ்லின் 1947இல் விளையாட்டுச் சிகிச்சை பற்றி எழுதிய நூலின் அடிப்படையும் இதுவே: பிள்ளை வழிநடத்தட்டும், பெரியவர் அவசரப்படுத்தாமல் உடனிருக்கட்டும்.

இவையெல்லாம் பெரிய நகரங்களில் வசதியுள்ளவர்களுக்கு மட்டும்தான் சரிப்படும் என்று தங்களிடம் யாராவது சொல்லக்கூடும். அவர்களுக்கு மூன்று சான்றுகளைச் சொல்ல விரும்புகிறேன்.

ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில் 1986–87இல், சத்துக்குறைவால் வளர்ச்சி குன்றிய ஏழைக் குழந்தைகளை சாலி கிராந்தம்-மெக்கிரிகர் தலைமையிலான குழு ஆய்வில் சேர்த்தது. சுகாதாரப் பணியாளர் ஒருவர் வாரம் ஒருமுறை வீட்டுக்குப் போய், வீட்டில் கிடைக்கும் பொருட்களால் செய்த பொம்மைகளை வைத்துத் தாயும் பிள்ளையும் ஒரு மணி நேரம் விளையாடப் பழக்கினார். இரண்டு வருடம் இப்படி நடந்தது. 20 ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, அந்தக் குழந்தைகள் வளர்ந்து, அந்த வாய்ப்புக் கிடைக்காதவர்களைவிட 25 சதவீதம் கூடுதலாகச் சம்பாதித்தார்கள். 2014இல் வெளியான முடிவு இது.

இரண்டாவது, கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் ஆட்டிசம் உள்ள 65 பிள்ளைகளிடம் நடந்து, 2016இல் வெளிவந்த ஆய்வு. அங்கே பயிற்சி கொடுத்தவர்கள் நிபுணர்கள் அல்லர், பயிற்சி பெற்ற சாதாரணப் பணியாளர்கள். பிள்ளையோடு விளையாடுவதைப் படம்பிடித்துத் தாய்க்கே போட்டுக் காட்டி, எந்த இடத்தில் காத்திருக்க வேண்டும், எங்கே பதில் கொடுக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார்கள். பிள்ளைகள் தாங்களாகவே முன்வந்து தொடர்பு கொள்வது கூடியது.

மூன்றாவது நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் 1981இல் எஸ். ராமகிருஷ்ணன் தொடங்கிய அமர் சேவா சங்கம், கிராமத்துப் பெண்களையே மறுவாழ்வுப் பணியாளர்களாகப் பயிற்றுவித்து வீடுகளுக்கு அனுப்புகிறது. நிபுணர்கள் பின்னாலிருந்து வழிகாட்டுகிறார்கள். வீட்டுத் திண்ணையில், தாயின் மடியில், அன்றாட வேலைகளுக்கு நடுவே சிகிச்சை நடக்கிறது. ஆய்க்குடியில் முடிந்தது உசிலம்பட்டியிலும் முடியும்.

உசிலம்பட்டி என்று காரணத்தோடுதான் சொல்கிறேன். அங்கிருந்து மதுரை ஏறக்குறைய 40 கிலோமீட்டர். பேரையூர்ப் பக்கத்து ஊர்களுக்கும் கொட்டாம்பட்டிப் பக்கத்து ஊர்களுக்கும் அதைவிடத் தொலைவு. மகளிருக்கு டவுன் பஸ்ஸில் கட்டணமில்லை என்றானது பெரிய உதவிதான். ஆனால் விடியற்காலையில் மல்லிகை பறிக்கப் போகிறவருக்கும், ஊரக வேலைத் திட்டத்துக்குப் போகிறவருக்கும் அன்றைய கூலியை யார் கொடுப்பார்கள்? இரண்டு மாதம் வருவார்கள், பிறகு நின்றுவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வாரத்துக்கு ஒரு மணி நேரம் நாங்கள் பார்க்கிறோம். மீதி நேரமெல்லாம் பிள்ளை அவர்களிடம்தான் இருக்கிறது. சிகிச்சை அவர்கள் கையில் இருக்க வேண்டும். விளையாட்டு ஒன்றுதான் அப்படிக் கைமாற்றிக் கொடுக்கக்கூடிய சிகிச்சை.

அந்த இடத்தில் இன்று செல்போன் வந்து உட்கார்ந்திருக்கிறது. இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம், இரண்டு முதல் நான்கு வயது வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் அறிவுறுத்தியது. சோறூட்டவே செல்போன் வேண்டும் என்ற நிலையில் இருக்கும் தாயிடம் அதைப் பிடுங்கச் சொன்னால் மட்டும் போதாது. பதிலுக்கு அவர் கையில் என்ன கொடுக்கிறோம் என்பது முக்கியம்.

ஆகவே தங்களிடம் என் வேண்டுகோள் மூன்று.

முதலாவது, மருத்துவமனை. வளர்ச்சித் தாமதம் உள்ள பிள்ளை எந்த அரசு மருத்துவமனைக்கு வந்தாலும், பயிற்சி அறைக்குள் தாயும் உடனிருந்து விளையாட வேண்டும். திரும்பும்போது, வீட்டில் இருக்கும் சாமான்களை வைத்து ஆடக்கூடிய இரண்டு விளையாட்டுகள் சீட்டில் தமிழில் எழுதப்பட்டிருக்க வேண்டும். பிள்ளைகளின் பரிசோதனைக்கு வரும் பெற்றோருக்கு விளையாட்டையும் எழுதிக் கொடுங்கள் என்று அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர்கள் சங்கம் தன் மருத்துவர்களுக்கு 2018இலேயே சொல்லிவிட்டது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் புதன்கிழமை தடுப்பூசிக்குக் காத்திருக்கும் தாய்மார்களுக்கு அந்த நேரத்திலேயே செவிலியர் ஒரு விளையாட்டைச் செய்து காட்டலாம்.

இரண்டாவது, அங்கன்வாடி. தமிழ்நாட்டு அங்கன்வாடிகளின் பாடத்திட்டத்துக்கு ‘ஆடிப் பாடி விளையாடு பாப்பா’ என்றே பெயர். பெயருக்கேற்ப நடக்க, பணியாளருக்கு நேரம் வேண்டும். எடை பார்ப்பது, சத்துமாவு கொடுப்பது, பதிவேடு, செல்போனில் விவரம் ஏற்றுவது என்று அவர் தலையில் ஏகப்பட்ட வேலை. தினமும் ஒரு மணி நேரம் விளையாட்டுக்கு மட்டும் என்று ஒதுக்கி, அந்த நேரத்தில் வேறு எந்த வேலைக்கும் அவரை அழைக்கக் கூடாது என்று உத்தரவிடுங்கள். வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியர்கள் மாதம் ஒருமுறை அங்கன்வாடிக்கு வந்து, தாமதம் உள்ள பிள்ளையை மற்ற பிள்ளைகளோடு எப்படிச் சேர்த்து ஆடவைப்பது என்று காட்டட்டும். பொம்மைகளுக்கு வெளியூருக்குப் போக வேண்டியதில்லை. திருப்பரங்குன்றம் அருகே விளாச்சேரியில் தலைமுறை தலைமுறையாகப் பொம்மை செய்கிறார்கள். பனையோலைக் கிலுகிலுப்பையும் துணிப்பந்தும் செய்ய நம் மகளிர் குழுக்களுக்குத் தெரியும். அவர்களுக்கும் வருமானமாகும்.

மூன்றாவது, பூங்கா. மதுரை மாநகராட்சியில் 100 வார்டுகள். மண்டலத்துக்கு ஒரு பூங்காவாவது, சக்கர நாற்காலியில் வரும் பிள்ளையும் ஆடக்கூடியதாக இருக்க வேண்டும்: சாய்தளம், முதுகைத் தாங்கும் ஊஞ்சல், நாற்காலியில் இருந்தபடியே கைவைக்கும் உயரத்தில் மணல் தொட்டி, சத்தம் தாங்காத பிள்ளைக்கு ஒதுங்கி இருக்க ஒரு மூலை. பெங்களூரில் ‘கிளிகிளி’ என்ற பெற்றோர் அமைப்பு 2005 முதல் மாநகராட்சியோடு சேர்ந்து இதைச் செய்து காட்டியிருக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பொதுஇடங்கள் அவர்களுக்கு எட்ட வேண்டும் என்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஒவ்வொரு பள்ளிக்கும் விளையாட்டு மைதானம் வேண்டும் என்கிறது. அந்த மைதானங்களை மாலையிலும் விடுமுறையிலும் அந்தந்தத் தெருப் பிள்ளைகளுக்குத் திறந்துவிட்டால், பாதி வேலை செலவில்லாமல் முடியும்.

மருத்துவம், சமூகநலம், பள்ளிக்கல்வி, மாற்றுத்திறனாளிகள் நலம், மாநகராட்சி என ஐந்து இடங்களில் இந்த வேலை பிரிந்து கிடக்கிறது. ஒவ்வொரு துறையும் தன் பங்கைச் செய்கிறது. பிள்ளை நடுவில் விழுந்துவிடுகிறது. ஐந்து பேரையும் ஒரே மேசையில் உட்கார வைக்கும் அதிகாரம் மாவட்டத்தில் தங்கள் ஒருவருக்குத்தான் உண்டு.

ஐக்கிய நாடுகளின் குழந்தை உரிமை உடன்படிக்கையின் 31ஆவது பிரிவு விளையாட்டைக் குழந்தையின் உரிமை என்கிறது. 1992இல் இந்தியா அதை ஏற்றது. 2024 முதல் ஜூன் 11ஆம் தேதி சர்வதேச விளையாட்டு நாளாகக் கொண்டாடப்படுகிறது. வரும் ஜூன் 11க்குள் அந்த ஐந்து துறைகளின் கூட்டத்தைக் கூட்டி, மூன்று வேண்டுகோள்களுக்கும் ஆணை பிறப்பியுங்கள். ஒரு பிள்ளையின் முதல் ஐந்து வயது திரும்பி வராது. தாங்கள் இந்த நாற்காலியில் இருக்கும் காலத்திலேயே இதைச் செய்து தர வேண்டும் என்று அந்தத் தாய்மார்கள் சார்பில் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் மாவட்டத்தின் சிறப்பாசிரியர் ஒருவர்
மதுரை