இறந்தவர் மடலுக்கு முத்திரை இல்லையோ?

எழுத்தாளர் தாமஸ் கார்லைலின் மனைவி ஜேன் 1866-இல் இறந்தார். அவர் கடிதங்களை வரலாற்றாசிரியர் ஃபுரூட் 1883-இல் நூலாக வெளியிட்டார். ஒரு பெண்ணின் மனச்சோர்வை அம்பலத்தில் ஏற்றியது துரோகமே என்று, ஜேனை நேரில் அறிந்திருந்த நாவலாசிரியை மார்கரெட் ஆலிஃபண்ட் அவ்வாண்டே கண்டித்தெழுதினார்.

‘உண்மையை மறைக்கலாமா?’ என்பார் உளர். ‘மனைவியைப் புறக்கணித்ததற்கு வருந்திய கார்லைலே 1871-இல் மனமுவந்து ஒப்படைத்தாரே!’ என்பாரும் உளர். நாம் கேட்கிறோம்: ஜேனிடம் கேட்டவர் யார்? கணவர் தேடிய கழுவாய் மனைவியின் ஒப்புதலாகிவிடுமா? ஒருநாள் ஆற்றாமையில், ஒருவருக்கென எழுதிய வரி ஒரு வாழ்வின்மீது தீர்ப்பாகுமா?

பிறர் மடலைப் பிரித்துப் படித்தால் குற்றம் என்கிறோம். அதுவே அச்சேறிவிட்டால் இலக்கியச் சுவை என்கிறோம். எழுதியவர் இறந்தார் என்பதற்காக மடலின் முத்திரை தானே உடைந்துவிடுவதில்லை. உடைப்பது நம் கை.