சாவியைக் கொடுத்தால் தலைமை வந்துவிடுமா?

வணிகப் பெருமக்களே! தோளுக்கு மேல் வளர்ந்து நிற்கும் இளைஞர்களே!

கடையை உருவாக்கியவர் கண் மூடியதும் கடையும் மூடப்படுவதை நம் கடைவீதிகளில் எத்தனை முறை பார்த்திருக்கிறோம்! தந்தை நாற்பது ஆண்டு பாடுபட்டுச் சேர்த்த நல்ல பெயரை மகன் நான்கே ஆண்டில் தொலைத்து விடுகிறான். "பையன் சரியில்லை" என்று ஊர் பேசுகிறது. பையனைச் சரியாக்கும் பொறுப்பு யாருக்கு இருந்தது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

இந்தக் கேள்விக்கு ஒரு படைவீரரின் குடும்பத்தில் விடை இருக்கிறது.

திப்பு சுல்தானின் வீரத்தைப் பேசாத மேடை நம்மிடம் இல்லை. அந்தத் திப்புவை வளர்த்து ஆளாக்கிய தந்தையைப் பற்றி எவ்வளவு பேசுகிறோம்?

ஹைதர் அலி அரண்மனையில் பிறந்தவரல்லர். அவருடைய தந்தை ஃபதஹ் முஹம்மது, ஆற்காட்டு நவாபின் படையில் ஐம்பது ராக்கெட் வீரர்களுக்குத் தலைவராக இருந்தவர். ஹைதர் சிறுவனாக இருந்தபோதே அவர் போர்க்களத்தில் மாண்டார். மைசூர்ப் படையில் சேர்ந்த ஹைதர், 1749இல் தேவனஹள்ளி முற்றுகையில் காட்டிய வீரத்தால் மேலிடத்தின் கவனத்தைப் பெற்றார். 1755இல் திண்டுக்கல்லின் ஃபவ்ஜ்தார் ஆனார். 1761இல் மைசூரின் ஆட்சி அதிகாரமே அவர் கைக்கு வந்தது.

இப்படி உயர்ந்தவர் தம் மகனை எப்படி வளர்த்தார்?

முதலாவதாக, தமக்குக் கிடைக்காததை மகனுக்குக் கொடுத்தார். ஹைதர் எழுதப் படிக்கத் தெரியாதவர். வரவு செலவையெல்லாம் நினைவிலேயே வைத்திருந்தவர். "நான் படித்தா முன்னுக்கு வந்தேன்?" என்று அவர் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை! திப்புவுக்கு அரபியும் பாரசீகமும் கன்னடமும் கற்பிக்க ஏற்பாடு செய்தார். போர்ப் பயிற்சி தர காஸி கானை அமர்த்தினார். "படித்தது போதும், கடைக்கு வா" என்று பத்தாம் வகுப்போடு மகனை நிறுத்தும் தந்தையர் இதைக் கவனிக்க வேண்டும்.

இரண்டாவதாக, இளமையிலேயே உண்மையான பொறுப்பைக் கொடுத்தார். 1767இல் ஆங்கிலேயருடன் போர் நடந்தபோது, பதினேழு வயது நிரம்பாத திப்பு குதிரைப் படையுடன் சென்னையின் எல்லை வரை வந்து கம்பெனி அதிகாரிகளைக் கதிகலங்க வைத்தார். நம்மில் பலர் முப்பது வயது மகனைக்கூட கல்லாவுக்குப் பக்கத்தில் வெறும் காவலாளியாக உட்கார வைத்திருக்கிறோம். கொள்முதலுக்கு அனுப்புவதில்லை. பேரேட்டைக் காட்டுவதில்லை. பிறகு ஒரே நாளில் மொத்தத்தையும் அவன் தலையில் கட்டுகிறோம்.

மூன்றாவதாக, மகன் என்பதற்காகக் கணக்குக் கேட்காமல் விடவில்லை. ஹைதரிடம் திப்பு எழுதிக் கொடுத்த ஓர் உறுதிப் பத்திரத்தை, கம்பெனி அதிகாரி மார்க் வில்க்ஸ் தம் மைசூர் வரலாற்று நூலில் வெளியிட்டிருக்கிறார். அரசாங்கக் காரியத்தில் திருட்டோ மோசடியோ செய்தால் மரண தண்டனை. பொய் சொன்னாலும் அதுவே. அனுமதியின்றி யாரிடமும் அன்பளிப்பு வாங்கினால் மூக்கறுத்து ஊரை விட்டுத் துரத்தலாம். நாட்டையும் படையையும் ஒப்படைத்தால், நியமிக்கப்பட்ட ஆலோசகர்களைக் கலந்தே நடக்க வேண்டும். இத்தனைக்கும் இசைந்து கையெழுத்திட்டவர் ஆட்சியாளரின் மூத்த மகன்! நம் கடைகளிலோ ஊழியர் நூறு ரூபாய் எடுத்தால் திருட்டு; மகன் ஆயிரம் ரூபாய் எடுத்தால் அது கணக்கிலேயே வராது.

அந்தக் கண்டிப்பு எல்லை மீறியதும் உண்டு. 1771இல் மராத்தியரிடம் தோற்ற போரின்போது, ஆத்திரத்தில் பலர் முன்னிலையில் ஹைதர் மகனை அடித்ததாக வில்க்ஸ் எழுதுகிறார். இது பின்பற்றத் தக்கதல்ல. கணக்குக் கேட்பது வேறு, நாலு பேர் முன்னால் மானத்தை வாங்குவது வேறு.

நான்காவதாக, உதவி கேட்பது அவமானமல்ல என்ற நம்பிக்கையைக் கொடுத்தார். 1780 செப்டம்பரில் காஞ்சிபுரத்தை நோக்கி வந்த கர்னல் பெய்லியின் படையைத் தடுக்கத் திப்பு அனுப்பப்பட்டார். முதல் மோதலில் முடிவு கிட்டவில்லை. கூடுதல் படை வேண்டும் என்று தந்தைக்குச் செய்தி அனுப்பினார். ஹைதர் படையை அனுப்பியதோடு பின்னர் தாமே வந்தார். செப்டம்பர் 10 அன்று பொள்ளிலூரில் பெய்லி சிறைப்பட்டார். ஸ்ரீரங்கப்பட்டணத்து தரியா தௌலத் மாளிகைச் சுவரில் அந்தப் போர்க் காட்சியை இன்றும் பார்க்கலாம். "சரக்கு தேங்கிவிட்டது வாப்பா, கடன் ஏறிவிட்டது" என்று உங்கள் மகன் உங்களிடம் பயமின்றிச் சொல்ல முடியுமா? முடியாவிட்டால் அவன் வட்டிக்காரனிடம்தான் போவான்!

ஐந்தாவதாக, மகனை மட்டுமன்றி மகனுக்குத் துணை நிற்பவர்களையும் உருவாக்கினார். 1782 டிசம்பர் 7 அன்று சித்தூருக்கு அருகே பாசறையில் ஹைதர் இறந்தபோது, திப்பு தொலைவில் மலபார்ப் போர்முனையில் இருந்தார். செய்தி பரவினால் படை கலைந்துவிடும். பூர்ணய்யாவும் கிருஷ்ணராவும் மற்ற அதிகாரிகளும் மரணத்தை மறைத்துப் படையைக் கட்டிக் காத்தார்கள். தம்பி அப்துல் கரீமை ஆட்சியில் அமர்த்தச் சிலர் செய்த சதியும் முறியடிக்கப்பட்டது. திப்பு வந்து பொறுப்பேற்றார். சாதி, மதம் பாராமல் திறமைக்கு மதிப்பளித்து ஹைதர் சேர்த்த மனிதர்கள் அன்று கைகொடுத்தார்கள்.

அடுத்த தலைமுறையின் கதை வேறு. 1792 உடன்படிக்கையில் திப்பு தம் சிறுவயது மகன்கள் இருவரைக் காரன்வாலிஸிடம் பிணையாக ஒப்படைக்க நேர்ந்தது. 1794இல்தான் அவர்கள் திரும்பினார்கள். ஐந்தே ஆண்டுகளில், 1799 மே 4 அன்று, கோட்டை வீழ்ந்தது. தாத்தா தந்தைக்குக் கொடுத்த நீண்ட பயிற்சிக் காலம் பேரப்பிள்ளைகளுக்குக் கிடைக்கவே இல்லை.

நமக்கு அப்படி யார் தடை போட்டார்கள்? நம் பிள்ளைகள் நம் வீட்டில்தானே இருக்கிறார்கள்? இருந்தும் ஏன் பயிற்சி இல்லை?

கடைக்குப் பொருந்துவது ஜமாஅத்துக்கும் பொருந்தும், இயக்கத்துக்கும் பொருந்தும். தந்தை இருந்த நாற்காலி என்பதற்காக மகனை அதில் அமர்த்துவது தலைமை ஆகாது. அந்த மகனுக்கு இருபது வயதில் என்ன பொறுப்பு கொடுத்தோம், என்ன கணக்குக் கேட்டோம் என்பதே கேள்வி.

இளைஞர்களே, சாவியைக் கேட்கும் முன் பேரேட்டைக் கேளுங்கள்! பெரியவர்களே, கேட்டால் மறைக்காமல் திறந்து காட்டுங்கள்!